அக்கரைச் சம்பாத்தியமும் இக்கரை வாழ்வும்

மணப்பாட்டில் கூடிய நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



செப்டம்பர் 14 ஆம் தேதியாகிய திருச்சிலுவைத் திருநாளை ஒட்டி நம் ஊர் நிறைந்திருக்கும் இந்நாட்களைவிட, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்குப் பொருத்தமான காலம் வேறில்லை. கொழும்பிலும் துபாயிலும் குவைத்திலும் கப்பல்களிலும் உழைப்போர் இங்கே ஒருங்கு கூடியிருக்கின்றனர். அவர்களுள் சிலர் விடுமுறை கழிந்ததும் வேலைக்குத் திரும்புவர். சிலரோ, இன்னும் இரண்டு வருஷம் உழைத்துவிட்டு ஊரோடு வந்துவிடுவோம் என்று எண்ணியிருப்பவர். இப்பின்னவரையும் அவர்தம் குடும்பத்தாரையும் நோக்கியே நாம் சிறப்பாகப் பேசுகிறோம். அயல்நாட்டில் சேர்த்த முதுமைக்காலப் பொருளை, தாய்நாடு திரும்பும்போது சேதமின்றிக் கொணர்வது எவ்வாறு, கொணர்ந்தபின் காப்பது எவ்வாறு என்பதே நம் பொருள்.

நாம் சொல்லவிருப்பதன் சாரத்தை முதற்கண்ணே சொல்லிவிடுகிறோம். கடலறிந்த தண்டல் நடுக்கடலுக்கு அஞ்சுவதைவிடக் கரையை அடுத்த பாருக்கும் மணல்திட்டுக்குமே அதிகம் அஞ்சுவான். ஆழத்தில் மிதந்து வந்த தோணி கரை கண்ட மகிழ்ச்சியில் தட்டிப்போவது உண்டு. சம்பாத்தியமும் அத்தகையதே. முப்பது வருஷ உழைப்பின் பலன் உழைக்கும் காலத்தில் அழிவது குறைவு. புறப்படுவதற்கு முந்திய ஆறு மாதத்திலும், கரையிறங்கிய பிந்திய இரண்டு வருஷத்திலும், செய்யத்தகாதன செய்வதாலும் செய்யத்தக்கன செய்யாது விடுவதாலுமே அது பெரும்பாலும் கரைகின்றது. ஆகவே அக்காலப் பகுதியில் செய்யவேண்டியவற்றை முறையாக ஆராய்வோம்.

முன்னோர் கண்ட அனுபவம்

பரதர் குலத்தார்க்கு அக்கரை என்பது நெடுங்காலமாகக் கொழும்பே. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் கடைவைத்து வாணிகம் செய்ததும், அப்பொருளால் இம்மணல்மேட்டில் மாளிகைகள் எழுந்ததும் நீங்கள் அறிந்தவையே. இலங்கையில் 2001 ஆம் வருஷக் குடிமதிப்பில் பரதர் தனியோர் இனமாகவே கணக்கிடப்பெற்றனர் என்றால், அங்கே நம் வேர் எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பது விளங்கும்.

எனினும் வேரூன்றிய இடத்தினின்றும் புறப்படவேண்டிய காலம் வந்தது. 1948 ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் இந்திய வமிசத்தாரைப் பெரும்பாலும் அந்நியராக்கிற்று. நம்மவரில் பலர் இந்தியப் பாஸ்போர்ட்டும் தற்காலிக வசிப்பு அனுமதியும் கொண்டு, அனுமதி முடியும் நாளை எண்ணிக்கொண்டு வியாபாரம் செய்தனர். 1953 ஆம் வருஷத்து நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால், தம் பணமேயாயினும் சர்க்கார் அனுமதியின்றி வெளியே அனுப்புதல் இயலாதாயிற்று.

1964 ஆம் வருஷம் அக்டோபர் 30 ஆம் தேதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவராய் நின்ற இந்திய வமிசத்தாருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரின் விஷயத்தைப் பின்னர்ப் பேசுவது என்பது அதன் சாரம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரே அதற்குட்பட்டவரில் மிகப் பெரும்பாலோர். நமது இன்றைய பொருளுக்கு உரியது அவ்வொப்பந்தத்தின் வேறொரு விதி. திரும்புவோர் தம் சேமநிதியும் பணிக்கொடையும் உட்பட எல்லா உடைமைகளையும் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்சத் தொகையை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் இலங்கைச் சர்க்கார் ஒப்புக்கொண்டது.

இவ்விதியைச் சற்றே ஊன்றி நோக்குக. இது குறைந்தது 4,000 ரூபாயாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்கப்படும் என்னும் வாக்கு அன்று. கொண்டுபோகும் உச்சவரம்பை அதற்குக் கீழே இறக்கமாட்டோம் என்னும் வாக்கே. இருப்பவன் வரம்புக்குட்பட்டுக் கொண்டுபோகலாம். இல்லாதவன் வெறுங்கையோடு போகவேண்டியதே. சட்டத்தின் சொல்லைத் தன் நம்பிக்கையால் வாசிப்பவன் ஏமாறுவான். எழுதியவாறே வாசிப்பவன் தப்புவான். இஃது இன்றைக்கும் ஏற்கும் முதற்பாடமாகும்.

இரண்டாம் பாடம் நாணய மதிப்பைப் பற்றியது. 1966 ஆம் வருஷம் ஜூன் 6 ஆம் தேதி வரை இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சம மதிப்புடையனவாய், ஒரு டாலருக்கு 4.76 ஆக நின்றன. அன்று இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பெற்று டாலருக்கு 7.50 ஆயிற்று. 1967 நவம்பரில் இலங்கை ரூபாயும் குறைந்து டாலருக்கு 5.95 ஆயிற்று. இதனால் விளைந்ததைக் கணக்கிட்டுப் பாருங்கள். 4,000 இலங்கை ரூபாயோடு 1966 மே மாதத்தில் வந்தவனுக்கு இங்கே 4,000 ரூபாய். அதே தொகையோடு அடுத்த மாதம் வந்தவனுக்கு ஏறக்குறைய 6,300 ரூபாய். 1967 டிசம்பரில் வந்தவனுக்கு 5,040 ரூபாய். உழைப்பு ஒன்றே, சேமிப்பு ஒன்றே. கரையிறங்கிய மாதமே வேறு. நாணயத்தின் ஏற்றத்தாழ்வை முன்னறிய வல்லார் ஒருவருமிலர். ஆதலின் முழுத்தொகையையும் ஒரே நாளில் மாற்றாது பகுதி பகுதியாக மாற்றுவதே விவேகம்.

மூன்றாம் பாடம் பெட்டியில் வைத்த ரொக்கத்தைப் பற்றியது. பர்மாவில் 1964 மே மாதத்தில் 50, 100 கியாட்டு நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பெற்றன. இலங்கையில் 1970 ஆம் வருஷத்தில் 50, 100 ரூபாய் நோட்டுகள் அவ்வாறே விலக்கப்பெற்றன. நம் நாட்டில் 2016 நவம்பர் 8 ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகளுக்கு நேர்ந்ததை யாவரும் அறிவோம். அசையாச் சொத்தும் அங்ஙனமே. 1973 ஆம் வருஷத்து வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டத்தினால் இலங்கையில் வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் சர்க்கார் வசமாயின. 1983 ஜூலைக் கலகத்தில் கொழும்புத் தமிழர் கடைகள் பல தீக்கிரையாயின. பொருள் முழுவதையும் ஓரிடத்தில், ஓருருவில் வைத்தல் எத்துணை ஆபத்து என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுவதில்லை.

நான்காம் பாடம் காகிதங்களைப் பற்றியது. இதற்கு நாம் வளைகுடா நாட்டுக்குச் செல்வோம். 1990 ஆகஸ்டு 2 ஆம் தேதி ஈராக்குப் படை குவைத்தைப் பற்றியபோது, அங்கிருந்த இந்தியர் சுமார் 1,70,000 பேர் விமானங்களிலும் கப்பல்களிலும் தாய்நாடு சேர்க்கப்பெற்றனர். சம்பள பாக்கியும் பாங்கிக் கணக்கும் வீட்டுச் சாமானும் அங்கேயே நின்றன. பின்னர் 1991 ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபை ஒரு நஷ்டஈட்டு ஆணையத்தை அமைத்து, தனிமனிதர் கோரிக்கைகளுக்கும் ஈடு வழங்கிற்று. அங்கே வசித்தமைக்கும் வேலை செய்தமைக்கும் அங்கிருந்து வெளியேறியமைக்கும் சான்று காட்ட வல்லார் தம் கோரிக்கையை நிலைநாட்டினர். யுத்தம் பொருளைப் பறித்தபின்னும், ஒரு மெல்லிய காகிதம் அப்பொருளில் ஒரு பகுதியை மீட்டது!

புறப்படுமுன் செய்யத்தக்கன

இப்பாடங்களை மனத்திற்கொண்டு, இக்காலத்துக்குரிய காரியங்களைப் பார்ப்போம். புறப்படும் தேதியை நிச்சயிக்குமுன் ஒருவன் தனக்குள் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. எனக்கு வரவேண்டியது எவ்வளவு? அது என் கைக்கு வருவது எப்போது? அது இந்தியா சேர்வது எவ்வழியே?

முதல் வினாவுக்கு விடை காணச் சட்டத்தை அறியவேண்டும். இலங்கையில் உத்தியோகம் பார்ப்போர்க்குச் சேமநிதி 1958 ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. இன்று சம்பளத்தில் தொழிலாளி 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்துகின்றனர். இதனோடு, 1980 ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி முதலாளி மட்டும் 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியும், ஐந்து வருஷம் பணிசெய்தார்க்கு வருஷத்துக்கு அரைமாதச் சம்பள வீதம் பணிக்கொடையும் உண்டு. சேமநிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். நாட்டை விட்டு நிரந்தரமாகச் செல்வோர் அதற்கு முன்னரும் கோரலாம். இம்மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றைப் பெற்றுக்கொண்டு மற்றிரண்டை மறந்து கப்பலேறுதல் கூடாது.

ஐக்கிய அரபு நாட்டில் 2021 ஆம் வருஷத்து 33 ஆம் எண் சட்டப்படி, வேலை முடிவில் கிடைக்கும் பணிக்கொடை முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். அதற்குமேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் சம்பளம். மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு மேற்படாது. இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. வீட்டுப்படியும் வண்டிப்படியும் சேரா. உதாரணமாக, கைக்கு 5,000 திர்ஹம் வாங்கும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 3,000 என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷம் உழைத்தால், முதல் ஐந்து வருஷத்துக்கு 105 நாளும், பின் பதினைந்து வருஷத்துக்கு 450 நாளும், ஆக 555 நாள் கூலி. நாளொன்றுக்கு 100 திர்ஹமாக 55,500 திர்ஹம் வரும். முழுச் சம்பளத்தால் பெருக்கி 92,500 வருமென்று நம்பி, அதன்மேல் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர் நிலை என்னாகும்? ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் கொடுக்கவேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி. ஆதலின் பணம் கைக்கு வருமுன் விசாவை ரத்துச் செய்வித்து, எல்லாம் பெற்றுக்கொண்டோம் என்னும் தாளில் கையெழுத்திட்டுப் புறப்படுதல் பெரும் பிழை.

அமெரிக்காவில் உள்ள நம் பிள்ளைகள் 401(கே) என்னும் சேமநிதியை ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், வரியோடு 10 சதவீதத் தண்டமும் பொதுவாகச் செலுத்தவேண்டும். பிரிட்டனில் உழைத்து இந்தியாவில் வந்து தங்குவோர்க்கு அந்நாட்டுச் சர்க்கார் பென்ஷன் வரும். ஆயினும் அங்கிருப்போர்க்குப் போல வருஷந்தோறும் உயர்த்தப்பெறாது. இவை முன்னரே தெரிந்தால் திட்டமிடலாம். பின்னர்த் தெரிந்தால் புலம்பலாம், அவ்வளவே.

இரண்டாம் வினா காலத்தைப் பற்றியது. 2022 ஆம் வருஷத்தில் இலங்கையில் நிகழ்ந்ததை நினைவுகூர்க. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் நின்ற இலங்கை ரூபாய், மே மாதத்தில் 350 ஐயும் கடந்தது. வயது நிறைந்து பெறத்தக்க தொகையை, அங்கேயே கிடக்கட்டும், திரும்பும்போது பார்ப்போம் என்று விட்டிருந்தவரின் பொருள் இரண்டு மாதத்தில் மிகச் சுருங்கிப்போயிற்று.

மூன்றாம் வினா வழியைப் பற்றியது. உண்டியல் என்றும் ஹவாலா என்றும் சொல்லப்படும் வழியில் சில காசு அதிகம் கிடைக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, அவ்வழி வந்த பணத்துக்கு உற்பத்தி காட்ட இயலாது. நேர்மையாக உழைத்த பொருள், வந்த வழியின் கோணலால் கள்ளப்பொருளின் தோற்றம் பெறுகின்றது. நிலம் வாங்கும்போதும் வரி அதிகாரி கேட்கும்போதும் பாங்கியின் ரசீதொன்றே நமக்குச் சாட்சி.

கரையிறங்கியபின் செய்யத்தக்கன

1999 ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு கரையிறங்கியவன் அன்று முதலே இந்தியாவில் வசிப்பவன் ஆகிறான். அயல்நாட்டிலிருந்தபோது வைத்திருந்த என்.ஆர்.இ. கணக்கை அப்படியே நடத்துதல் கூடாது. பாங்கிக்கு அறிவித்து, உள்ளூர்க் கணக்காகவேனும், ஆர்.எப்.சி. எனப்படும் வசிப்போர் அந்நிய நாணயக் கணக்காகவேனும் மாற்றிக்கொள்ளவேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இருந்த வரிவிலக்கு, திரும்பி வந்து தங்கியதோடு தீர்ந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

எப்.சி.என்.ஆர். என்னும் அந்நிய நாணய வைப்புத்தொகையின் நிலை வேறு. அதை ஒன்று முதல் ஐந்து வருஷ தவணையில் போடலாம். ஊர் திரும்பியபின்னும் தவணை முடியும்வரை பேசிய வட்டியோடு தொடரவிடலாம். ஆனால் அதைப் போடுவதற்கு உரிமை அயல்நாட்டில் வசிக்கும்வரையே. ஆதலின் புறப்படுமுன் ஒரு பகுதியை அவ்வாறு போட்டு வைத்தல் நன்று. தவணை முடிந்தால் ஆர்.எப்.சி. கணக்குக்கு மாற்றலாம். அயல்நாட்டு முதலாளி தரும் பென்ஷனையும் பணிக்கொடையையும் இக்கணக்கில் அந்நிய நாணயமாகவே வைத்திருக்கலாம்; மகளைப் பார்க்கவோ மகனின் படிப்புக்கோ வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடையில்லை. 1966 ஜூன் மாதத்தில் டாலருக்கு 7.50 ஆக நின்ற நம் ரூபாய் இன்று 80 ஐக் கடந்து நிற்பதை எண்ணினால், சிறிது பொருளை அந்நிய நாணயத்தில் வைப்பதன் நியாயம் விளங்கும். எனினும் மணப்பாட்டில் அரிசி வாங்குவது ரூபாய்க்கே. அன்றாட வாழ்வுக்குரியது ரூபாயிலேயே இருத்தல் வேண்டும்.

இனி வருமானவரி. ஒருவன் எவ்வகையான வசிப்பாளன் என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச்சு 31 வரையுள்ள வருஷத்தில் அவன் இந்தியாவில் தங்கிய நாட்களையும், முந்திய வருஷங்களின் நாட்களையும் பொறுத்தது. நெடுங்காலம் வெளியே இருந்து திரும்பியவனுக்குச் சட்டம் ஓர் இடைக்காலம் தருகின்றது. முந்திய பத்து வருஷங்களில் ஒன்பதில் வெளிநாட்டினனாக இருந்தவனும், முந்திய ஏழு வருஷங்களில் 729 நாளுக்கு மேற்படாது இந்தியாவில் தங்கியவனும், வசிப்பவன் ஆயினும் சாதாரணமாக வசிப்பவன் அல்லன் எனக் கருதப்படுவான். இவ்விடைக்காலம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷமாகும். அக்காலத்தில் அவனுக்கு வெளிநாட்டில் உண்டாகி வெளிநாட்டிலேயே பெறப்படும் வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரியில்லை. அயல்நாட்டில் முடிக்கவேண்டிய காரியங்களை முடிக்கச் சட்டம் தந்த தவணையாக இதனைக் கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க. அயல்நாட்டு வருமானம் முதன்முதல் கைசேரும் இடம் இந்தியாவாக இருப்பின், இவ்விலக்குப் போய்விடும். ஆகவே அத்தொகையை முதலில் அந்நாட்டுப் பாங்கிக் கணக்கில் பெற்று, பின்னர் இங்கே அனுப்புதலே முறை. இதற்காகவே, புறப்படும் அவசரத்தில் அந்நாட்டுக் கணக்கை மூடிவிடலாகாது என்கிறோம்.

இடைக்காலம் கழிந்தபின் உலகெங்குமுள்ள வருமானத்துக்கும் வரியுண்டு. அயல்நாட்டில் சட்டப்படி சம்பாதித்த கணக்கையும் பங்கையும் நிலத்தையும் தொடர்ந்து வைத்திருக்க 1999 ஆம் வருஷச் சட்டம் அனுமதிக்கின்றது. ஆனால் வருஷந்தோறும் வரி அறிக்கையில் அவற்றைக் காட்டவேண்டும். மறைத்தவர்க்கு 2015 ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டம் 10 லட்சம் ரூபாய் அபராதம் பேசுகின்றது. வைத்திருப்பது குற்றமன்று, சொல்லாதிருப்பதே குற்றம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் முதுமைக்கால நிதிகளில் ஆண்டுதோறும் ஏறும் வருமானத்துக்கு, பணம் எடுக்கும் காலத்திலேயே வரி செலுத்தும் சலுகை 2021 ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதைக் கேட்டுப் பெறுவார்க்கே கிடைக்கும். இவற்றில் ஒவ்வொருவர் நிலைமையும் வேறுபடுமாதலின், புறப்படுமுன்னரே கணக்கறிந்த ஓர் ஆடிட்டரிடம் நாட்களை எண்ணிக் காட்டுதல் அவசியம். அதற்குக் கொடுக்கும் கூலி வீண்செலவன்று.

வீடும் உறவும்

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசப்பாயிருக்கலாம். எனினும் நம் குலத்தின் நன்மை கருதிச் சொல்லாதிருக்க இயலவில்லை. நம் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் பெருவீடுகளைப் பாருங்கள். அவை நம் முன்னோரின் புகழுக்குச் சின்னங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாணிகம் நடந்த காலத்தில் ஓடிக்கொண்டிருந்த வருவாயால் எழுந்தவை அவை. வருவாய் நின்றபின் சேமிப்பை உடைத்து வீடு எழுப்புவது அவர்களைப் பின்பற்றுவது ஆகாது.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 லட்சம் ரூபாயோடு ஊர் திரும்புகிறார். ஊரார் மெச்ச 30 லட்சத்தில் மாளிகை கட்டினால் மிஞ்சுவது 10 லட்சம். 7 சதவீத வட்டியென்று கொண்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 5,800 ரூபாய். அவரே தம் தந்தையின் வீட்டை 6 லட்சத்தில் செப்பனிட்டுக்கொண்டு 34 லட்சத்தை வைத்திருந்தால் மாதம் 19,800 ரூபாய். முதல்வர் மாளிகையில் குடியிருந்து மருந்துக்குக் கடன் கேட்பார். இரண்டாமவர் பழைய வீட்டில் குடியிருந்து பிறர்க்கும் உதவுவார். அன்றியும், விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிக்கும். ஆகையால் இந்த 19,800 முழுவதையும் செலவிடாது, ஒரு பகுதியை மீண்டும் முதலோடு சேர்த்தல் வேண்டும். கோபுரம் கட்ட முனைபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்னும் சுவிசேஷ உவமையை நாம் கோயிலில் கேட்கிறோம். கட்டட வேலையில் மறந்துவிடுகிறோம்.

திரும்பியவனின் பணம் மணமுள்ள மீன்குழம்பு போன்றது; தெரு முழுதும் தெரிந்துவிடும். கடன் கேட்போரும், கூட்டு வியாபாரம் பேசுவோரும், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி தருவதாகச் சொல்லும் சீட்டுக் கம்பெனியாரும் வாசலில் வந்து நிற்பர். முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் திறவாத சிப்பியை ஆயிரக் கணக்கில் ஏலம் எடுப்பார்கள். உள்ளே முத்திருக்குமோ வெறும் சதையிருக்குமோ என்பது திறந்தபின்னரே தெரியும். அது வாணிகனுக்குத் தகும், மீண்டும் சம்பாதிக்க வயதிருந்ததால். அறுபது வயதினனின் ஜீவனப்பொருள் திறவாச் சிப்பிக்கு உரியதன்று. கரையிறங்கி ஒரு வருஷம் வரையில் எவ்வித வியாபாரத்திலும் முதல் போடுவதில்லை, எவர்க்கும் ஜாமீன் நிற்பதில்லை என்று விரதம் பூணுதல் நலம்.

அவ்வாறாயின் பணத்தை எங்கே வைப்பது? நான்கு பாகமாகப் பிரிக்கலாம் என்பது நம் கருத்து. ஒரு வருஷச் செலவுக்குரியது சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். 60 வயது நிறைந்தோர் தபால் நிலையத்திலோ பாங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி வரும். அயல்நாட்டில் வசிப்போர்க்கு அதிற் சேர இடமில்லை, திரும்பியபின்னரே சேரலாம். மூன்றாம் பாகம் பல பாங்கிகளில் தவணை வைப்பாக இருக்கலாம். பாங்கி முறிந்தால் ஒரு பாங்கியில் ஒருவர்க்கு 5 லட்சம் வரையே காப்புறுதி உண்டென்பதை நினைவிற்கொள்க. நான்காவது, நெடுங்காலத்துக்கு உரியதும் அந்நிய நாணயத்தில் உள்ளதுமாகும். நோய்க்குரிய இன்ஷ்யூரன்ஸை வயது ஏறுமுன்னரே எடுத்துக்கொள்ளுதல் இவையெல்லாவற்றுக்கும் முந்தியது.

பத்திரமும் உயிலும்

தாய்மார்களே! இப்பகுதி சிறப்பாக உங்களுக்கு உரியது. கணவர் அக்கரையில் இருக்கும்வரை குடும்பத்தை நடத்தியவர் நீங்களே. எனினும் அவர் வைத்த கணக்கு எந்தப் பாங்கியில், எந்த எண்ணில் என்று அறிந்தவர் உங்களுள் எத்தனை பேர்? அவர் சேமநிதியில் எவர் பெயரைக் குறித்திருக்கிறார்? மணமாகுமுன் தம் தாயின் பெயரைக் குறித்தவர், முப்பது வருஷம் கழிந்தும் மாற்றாதிருப்பதுண்டு. இதனைக் கேட்பது அவநம்பிக்கையன்று, குடும்ப தர்மம்.

பாங்கி வைப்புத்தொகைக்கு நாமினியாகக் குறிக்கப்பெற்றவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையே. உரிமை வாரிசுகளுக்கே உரியது. உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்து 1925 ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு ஆண் பெண் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்கு. முதிய மனைவி மூன்றிலொரு பங்கால் பிழைக்க இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். இயலாதெனில் உயில் எழுதுங்கள். அதற்கு இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடவேண்டும். உயிலால் பயன்பெறுவோரோ அவர்தம் மனைவி கணவரோ சாட்சியாக நிற்றல் ஆகாது. மரணப் படுக்கையில் வாயாற் சொல்லிய சொல்லை நம்பிச் சகோதரர் பிரிந்து போன கதை நம் கடற்கரையில் ஒன்றிரண்டல்ல.

ஒரு தகரப்பெட்டியோ தோல்பையோ போதும். பழைய பாஸ்போர்ட்டுகள், வேலை ஒப்பந்தம், சம்பளத் தாள்கள், சேமநிதி எண், பணிவிடுப்புச் சான்று, அந்நாட்டில் வரி செலுத்திய ரசீது, பாங்கி அனுப்பீட்டு ரசீது ஆகியவற்றை அதில் இடுங்கள். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் ஞானஸ்நானச் சான்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பர்னாந்து என்றும் பெர்னாண்டோ என்றும் இருவிதமாக எழுதிய ஒரே பெயர், இரு மனிதராகக் கருதப்பட்டுப் பணம் நிற்பதுண்டு.

சங்கத்தின் கடமை

இவ்வளவும் தனிமனிதர் கடமை. சங்கத்துக்கும் கடமையுண்டு. நாம் வேண்டிக்கொள்வன மூன்று. திருநாள் காலத்தில் வருஷத்துக்கொரு நாள், வரிக்கணக்கு அறிந்த ஒருவரையும் பாங்கி அதிகாரி ஒருவரையும் அழைத்து, திரும்புவோர் ஐயங்களைக் கேட்டுத் தெளிய ஏற்பாடு செய்க. இலங்கைச் சேமநிதிக் கோரிக்கையையும் அரபு நாட்டுப் பணிக்கொடைக் கணக்கையும் எழுதப் படித்த நம் இளைஞர் சிலரைப் பழக்கி, விதவைகளுக்கும் எழுத்தறியாதார்க்கும் கூலியின்றி உதவச் செய்க. திருமணத்திலும் திருநாளிலும் செலவுக்கு ஓர் அளவு வகுத்து, திரும்பியவன்மேல் ஊர் ஏற்றும் பாரத்தைக் குறைக்க. மூன்றாவதே கடினமானது, மூன்றாவதே மிகுந்த பயனுடையது.

சகோதரர்களே! அக்கரையில் நம்மவர் தூங்காது கழித்த இரவுகளும், பிள்ளைகள் வளர்வதைக் காணாது கழித்த வருஷங்களும் சேர்ந்தே இப்பொருளாயிற்று. அதை இழந்தால் இழப்பது காசு மட்டுமன்று. இளமையையே இரண்டாம் முறை இழத்தலாகும். ஆதலின் புறப்படுமுன் கணக்குப் பாருங்கள், நேர்வழியே கொண்டுவாருங்கள், பல இடத்தில் வையுங்கள், மனைவியிடம் சொல்லுங்கள், காகிதத்தைக் காத்து வையுங்கள். இத்திருநாள் முடிந்து மீண்டும் பயணம் புறப்படுமுன், ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் ஓர் இரவு அமர்ந்து ஒரு தாளில் தம் பொருள் முழுவதையும் எழுதிப் பார்ப்பார்களாயின், இன்று நாம் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வோம். குன்றின்மேல் விளங்கும் திருச்சிலுவை நம் குடிகளைக் காப்பதாக.